டிஎஸ்எல்ஆரா, சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டி கேமராவா? குழப்பம் தீரவில்லை

மாடிப்படி:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை போனிலேயே படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தனியாக ஒரு கேமரா வாங்குவது என்று முடிவாகிவிட்டது, ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் தினமும் பட்டிமன்றம்.

கண் முன்னால் இருப்பவை இரண்டு. தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய நிக்கான் டி3500-ஐ (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா), அதோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு கொடுக்கத் தயாராக இருக்கிறார், அதிகம் பயன்படுத்தாதது என்கிறார். இல்லையென்றால் கேனன் ஐக்ஸஸ் 285 மாதிரி ஒரு குட்டி கேமரா, சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அதில் 12 மடங்கு ஜூம், 20 மெகாபிக்சல். நிக்கானில் 24. நாலு மெகாபிக்சல் வித்தியாசத்துக்காக அவ்வளவு பெரிய உருவத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலையணுமா என்று மனைவி கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் எடுப்பது பெரும்பாலும் மூன்று வயதுப் பையனை. ஒரு இடத்தில் நிற்க மாட்டான். வேலை முடிந்து நான் வரும்போது இருட்டிவிடுகிறது, அதனால் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில்தான் அதிகம். அப்புறம் பள்ளியில் மேடை ஏறினால் எடுக்கணும். எப்போதாவது மலை ஏறப் போவோம், அங்கே பூ, பூச்சி என்று கொஞ்சம். போனில் எடுத்தால் பையன் பாதி நேரம் தேய்த்த ஓவியம் போல வருகிறான். வீடியோ அவ்வளவு முக்கியமில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அரைஇருட்டு:

முதலில் அந்த மெகாபிக்சல் கணக்கை ஓரமாக வையுங்கள். ஏ4 அளவில் நல்ல தரமாக அச்சிடவே 9 மெகாபிக்சல் போதும். இரண்டு கேமராவிலும் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

வித்தியாசம் சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லின், பரப்பளவில் இருக்கிறது. இந்தக் குட்டி கேமராக்களில் இருப்பதை 1/2.3 அங்குல சென்சார் என்பார்கள். அது பழைய வீடியோ கேமரா குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர், சென்சாரின் நிஜ அளவு அதைவிடவும் சிறியது: சுமார் 6.2 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. அகலம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. டி3500-இல் இருப்பது 23.5-க்கு 15.6. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 13 மடங்கு பரப்பு. ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறைய அது பெரிது), ஒரே ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) என்றால் மொத்தமாக விழும் வெளிச்சமும் அத்தனை மடங்கு. குட்டி கேமராவில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400-இல் வருகிற நாய்ஸ் (படத்தில் மணல் மணலாகத் தெரியும் புள்ளிகள்), பெரியதில் ஐஎஸ்ஓ 5000-க்குப் பக்கத்தில் போனால்தான் வரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் மனைவியின் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் இதைப் படித்துவிட்டு உடனே போய் டி3500-ஐ வாங்கிவிடாதீர்கள், அடுத்த கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஓடுகிற குழந்தை தெளிவாக விழணும் என்றால் ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்காவது வேண்டும், 320 என்றால் இன்னும் நல்லது. சாதாரணமாக விளக்கு எரிகிற ஓர் அறையில் அந்த 320-ஐ எட்ட எஃப் 1.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 1600 போதும். எஃப் 3.5-இல் 6400 ஆகிவிடும். கிட் லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால் அது எஃப் 5.6, அங்கே ஐஎஸ்ஓ 16000 வரை கேட்கும். ஆக கிட் லென்ஸோடு டிஎஸ்எல்ஆர் வாங்கி வீட்டுக்குள் எடுப்பவருக்கு, பெரிய சென்சார் கொடுத்த லாபத்தில் பாதியை லென்ஸே தின்றுவிடும். கேமரா வாங்கினேன், போனைவிட ஒன்றும் பிரமாதமில்லை என்று பலர் புலம்புவதற்கும் இதுதான் காரணம். கேமரா உடம்பில் மிச்சம் பிடித்து ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் போடுங்கள். அந்த லென்ஸ் இல்லாமல் வாங்குவதாக இருந்தால் உங்கள் தேவைக்கு டி3500 வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு, ஃபோகஸ் வேகம். டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகப் பார்க்கும்போது தனியாக ஒரு ஃபோகஸ் சென்சார் வேலை செய்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு நகரணும் என்று அதற்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பெரும்பாலான குட்டி கேமராக்கள் லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டித் தேடித்தான் ஃபோகஸைப் பிடிக்கும். நல்ல வெயிலில் இந்த வித்தியாசம் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் அது தேடி முடிப்பதற்குள் பையன் அடுத்த அறைக்குப் போயிருப்பான்.


நடராஜா சர்வீஸ்:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் வீட்டு அலமாரிக்குள் இருக்கும் கேமராவுக்கு ஐஎஸ்ஓ எவ்வளவு இருந்து என்ன?

டி3500 பேட்டரியோடு 415 கிராம், கிட் லென்ஸ் ஒரு 200, மொத்தம் 600-ஐத் தாண்டும். எடையைக்கூடத் தாங்கிவிடலாம், உருவம்தான் பிரச்சினை. அதற்குத் தனிப் பை வேண்டும், அந்தப் பையை யாராவது சுமக்க வேண்டும், குழந்தையோடு கிளம்பும்போது ஏற்கனவே எத்தனை பை என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஐக்ஸஸ் 150 கிராம்கூட இல்லை. அதோடு வீட்டம்மா பெரிய கேமராவைத் தொடப் போவதில்லை என்றால், குடும்பப் படம் எதிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பூ, பூச்சி என்றீர்களே, அதில் சின்ன சென்சாருக்குத்தான் யோகம். பெரிய சென்சாரில் கிட்டத்தில் போனால் பூச்சியின் கண் தெளிவாக இருக்கும், கால் மங்கிவிடும், அப்பர்ச்சரை எஃப் 11, 16 என்று சுருக்கணும், சுருக்கினால் வெளிச்சம் போதாது. குட்டி கேமராவில் எஃப் 3.6-இலேயே முழுப் பூச்சியும் தெளிவாக வந்துவிடும், லென்ஸின் முனையிலிருந்து சில சென்டிமீட்டர் வரை கிட்டப் போகவும் விடும். டிஎஸ்எல்ஆரில் அந்த அளவுக்குப் போக மேக்ரோ லென்ஸ் தனியாக வாங்கணும். மழை, ஆறு என்றெல்லாம் போவீர்கள் என்றால் ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்குவதும் இருக்கிறது, பூச்சிக்கு அதைவிட வசதியான குட்டி கேமராவை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சாதாரண 1/2.3 அங்குலக் குட்டி கேமராவுக்கு இன்றைக்குப் போட்டி உங்கள் போன்தான், டிஎஸ்எல்ஆர் இல்லை. போனிலும் சின்ன சென்சார்தான், ஆனால் அது பல படங்களைச் சட்டென்று எடுத்து ஒன்றாகச் சேர்த்து நாய்ஸைத் துடைத்துவிடுகிறது. அசையாத காட்சியில் ஐக்ஸஸைப் போன் தோற்கடித்துவிடும். உருப்படியான ஆப்டிகல் ஜூம் வேண்டும், தண்ணீரில் இறங்க வேண்டும், இல்லை போன் கையில் இருந்தால் வேறு எதிலோ கவனம் போகிறது, இப்படி ஏதாவது காரணம் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் பாருங்கள். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, முதல் மாடல் 2012-இல் வந்தது, இன்றைக்கும் சோடை போகவில்லை. 1 அங்குல சென்சார், அதாவது ஐக்ஸஸைவிட நாலு மடங்கு பரப்பு, அகலக் கோணத்தில் எஃப் 1.8, எடை 240 கிராம். பேன்ட் பாக்கெட்டில் போகும். ஜூம் வேண்டாம் என்றால் ரிக்கோ ஜிஆர், டிஎஸ்எல்ஆரின் அதே அளவு சென்சாரை உள்ளங்கைக்குள் அடக்கியிருக்கிறார்கள்.


அரைஇருட்டு:

@நடராஜா சர்வீஸ், ஆர்எக்ஸ்100 நல்ல யோசனைதான், ஆனால் அந்த எஃப் 1.8 ஜூம் செய்யாத வரைக்கும்தான். கொஞ்சம் ஜூம் செய்தாலே மளமளவென்று இறங்கி கடைசியில் எஃப் 4.9-க்குப் போய்விடும். குழந்தை முகத்தை நெருக்கமாக எடுக்க ஜூம் செய்வார், அங்கே மறுபடி இருட்டு. ஜூம் செய்யாமல் கிட்டப் போய் எடுத்தால் 28 மி.மீ. கோணத்தில் மூக்கு பெரிதாகத் தெரியும். ஜிஆர் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் ஓடுகிற குழந்தைக்கு அதன் ஃபோகஸ் ஈடுகொடுக்காது. தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர்களின் கேமரா அது.


நடராஜா சர்வீஸ்:

மூக்கு விஷயம் சரி. மற்றபடி எடுக்காத படத்தைவிட மூக்கு பெரிதான படம் மேல்.


கண்ணாடி வேண்டாம்:

இந்தக் காலத்தில் யாராவது டிஎஸ்எல்ஆர் வாங்குவார்களா? டி3500 2018-இல் வந்தது, நிக்கான் அதை எப்போதோ நிறுத்திவிட்டது. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை, பெரிய பிராண்டுகளில் பென்டாக்ஸ் மட்டும்தான் பிடிவாதமாக இருக்கிறது. போகிற வண்டியில் ஏறுங்கள் ஐயா.

பழையதுதான் வாங்கணும் என்றால் பழைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்குங்கள். சோனி ஏ6000, 2014 மாடல், சென்சார் டி3500-இல் உள்ள அதே அளவு, உடம்பு 344 கிராம், உள்ளே ஆடும் கண்ணாடி இல்லாததால் மெல்லிசு. சென்சாரிலேயே ஃபோகஸ் புள்ளிகள் 179. டி3500-இல் வெறும் 11, அதுவும் நடுவிலேயே கூட்டமாக. திரையைப் பார்த்து எடுத்தாலும் வேகம் குறையாது. டி3500-இல் லைவ் வ்யூ (திரையைப் பார்த்து எடுக்கும் வசதி) போட்டுப் பாருங்கள், அதுவும் உங்கள் குட்டி கேமரா போலத்தான் தேடிக்கொண்டிருக்கும். போனில் பழகிய உங்கள் மனைவி திரையைப் பார்த்துத்தான் எடுப்பார், அவருக்கு அது சரிப்பட்டு வராது.


பழைய லென்ஸ்:

வண்டி போகிறது என்றால் இறங்குகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற சாமானெல்லாம் நமக்குத்தானே? நிக்கானின் எஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) 1959-இலிருந்து இருக்கிறது. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாற மாற அருமையான லென்ஸ்கள் பழைய சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நிறுத்தப்பட்ட கேமரா படம் எடுப்பதை நிறுத்திவிடாது. ஒரு சார்ஜில் டி3500 1550 படம் வரை போகும் என்று கணக்கு, மிரர்லெஸ்காரர்கள் இதில் பேச்சே எடுக்கக் கூடாது.

ஏ6000 நல்ல கேமராதான், சண்டை போட வரவில்லை. ஆனால் தெரிந்தவர் கையில் நன்றாக வைத்திருந்த கேமரா, யார் என்றே தெரியாதவரிடம் வாங்குவதைவிடப் பத்திரம். அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

மாடிப்படி, ஒரு எச்சரிக்கை. டி3500-இன் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கணும், நிக்கான் லென்ஸ் என்றால் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கும். வெறும் ஏஎஃப் என்று மட்டும் இருந்தால் பொருந்தும், படமும் எடுக்கும், ஃபோகஸைக் கையால் திருப்பிக்கொண்டு இருக்கணும். மூன்று வயதுப் பையனோடு அது நடக்கிற காரியமா?

வாங்கப் போகும்போது இதையெல்லாம் பாருங்கள். ஷட்டர் கவுன்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை) முதலில். ஒரு படம் எடுத்து அந்த ஃபைலைக் கணினியில் போட்டால், அதற்கென்று இருக்கும் மென்பொருள்கள் எண்ணிக்கையைக் காட்டிவிடும். இந்த வகை நிக்கான்களுக்கு ஒரு லட்சம் வரை என்று பேச்சு, சில ஆயிரம்தான் ஓடியிருக்கிறது என்றால் கவலையே வேண்டாம். அடுத்து, அப்பர்ச்சரை எஃப் 16-க்குச் சுருக்கி, ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், மங்கலான சாம்பல் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. டி3500-இல் சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்யும் வசதி இல்லை, ஆனால் ஊதுபந்தால் ஊதினாலே பெரும்பாலும் போய்விடும். (குட்டி கேமராவில் தூசியே வராது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை லென்ஸ் வெளியே நீளும்போதும் பாக்கெட்டுக்குள் இருக்கும் பஞ்சும் தூசியும் மெல்ல உள்ளே போகும், அதை எடுக்க மொத்தக் கேமராவையும் பிரிக்கணும்.)

லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்தில் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, அந்த லென்ஸைத் தொடாதீர்கள். ரொம்ப நாள் பைக்குள்ளேயே மூடிக் கிடந்த கேமராவில்தான் இது அதிகம், அதனால் "அதிகம் பயன்படுத்தவில்லை" என்று அவர் சொல்வதில் அப்படி ஒன்றும் சந்தோஷப்பட வேண்டாம்.


மாடிப்படி:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சென்சார் கணக்கை மனைவியிடம் காட்டினேன். "சரி, அப்போ மேடைக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் பாக்கி. டி3500-இன் 18-55 மேடை வரைக்கும் எட்டாது இல்லையா? அங்கே 12 மடங்கு ஜூம்தானே ஜெயிக்கும்?


அரைஇருட்டு:

எட்டும் தூரத்தில் அது ஜெயிக்கும், வெளிச்சத்தில் தோற்கும். ஐக்ஸஸின் ஜூம் முழுதாக நீளும்போது அப்பர்ச்சர் எஃப் 7. அந்தச் சின்ன சென்சாரில் எஃப் 7 என்றால் மேடை விளக்கிலும் ஷட்டர் வேகம் இழுக்கும், ஆடுகிற பிள்ளைகளின் கை கால் எல்லாம் கோடுதான். நின்று பாட்டுப் பாடினால் பிழைத்துக்கொள்ளலாம். டி3500-க்கு 55-200 அல்லது 70-300 ஒன்று வேண்டும், அதுவும் பழையதாகக் கிடைக்கும். ஆனால் மேடை வருஷத்தில் எத்தனை தடவை வரும்? அதற்காக இப்போதே வாங்காதீர்கள், தேவைப்படும் அன்றைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஓர் இடத்தில் கட்டாயம் கவனம் வேண்டும்: உங்கள் இருக்கையிலிருந்து மேடைக்கு ஃபிளாஷ் அடித்துப் பயனே இல்லை. கேமராவோடு வரும் ஃபிளாஷின் வெளிச்சம் சில மீட்டரிலேயே தீர்ந்துவிடும், முன் வரிசையில் இருப்பவர்களின் தலைதான் பளிச்சென்று விழும்.

வீட்டுக்குள் ஃபிளாஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லவில்லை. டி3500-இன் தலையில் தனி ஃபிளாஷ் மாட்டலாம். அதன் முகத்தை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால் வெளிச்சம் அறை முழுக்கப் பரவி மெதுவாக இறங்கும், முகத்தில் எண்ணெய் வழிகிற மாதிரி இருக்காது, நிழலும் சுவரில் கறுப்பாக ஒட்டாது. ஐக்ஸஸில் அதை மாட்ட இடமே கிடையாது. குட்டி கேமராவை டிஎஸ்எல்ஆர் சத்தமில்லாமல் அடிப்பது இங்கேதான், யாரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.


நடராஜா சர்வீஸ்:

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள், செலவில்லாதது. போனில் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கும் படங்களை எடுத்துக்கொண்டு, பிடித்த படம் ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து பாருங்கள், ஐஎஸ்ஓ எவ்வளவு, எந்த நேரம், ஜூம் செய்திருக்கிறீர்களா என்று. பகலில் வெளியே எடுத்தவைதான் அதிகம் என்றால் நான் சொன்னதைக் கேளுங்கள். ராத்திரி வீட்டுக்குள் என்றால் அரைஇருட்டு சொன்னதைக் கேளுங்கள். என்ன எடுக்கிறோம் என்று நாம் நினைப்பது ஒன்று, நிஜமாக எடுத்து வைத்திருப்பது வேறாக இருக்கும்.


மாடிப்படி:

பார்த்தேன். மலை, பூச்சி எல்லாம் பேச்சோடு சரி போலிருக்கிறது, ஆல்பத்தில் தேடித்தான் எடுக்கணும். முக்கால்வாசி பையன்தான், அதிலும் கூடத்திலும் படுக்கையறையிலும் மாலைக்கு மேல் எடுத்தவை, ஐஎஸ்ஓ எல்லாம் உச்சத்தில். ஜூம் அபூர்வம்.

டி3500-ஐ ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அந்தத் தெரிந்தவரே கொடுத்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை, ஷட்டர் கவுன்டும் குறைவுதான். மனைவியிடம் கேமராவை ஆட்டோ மோடில் வைத்துக் கொடுத்தேன், முதலில் திரை ஏன் கறுப்பாக இருக்கிறது என்றாள், வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்கச் சொன்னதும் அப்புறம் கேமராவைத் திருப்பித் தரவில்லை. ஆக அந்தக் கவலை தீர்ந்தது. 35 எஃப் 1.8 வாங்கலாமா, 50 எஃப் 1.8 வாங்கலாமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். 50-ஐப் பற்றித்தான் எல்லோரும் புகழ்ந்து எழுதுகிறார்கள்.


பழைய லென்ஸ்:

50-ஐப் புகழ்வது ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ளது) அது கொடுக்கும் கோணத்தை வைத்து. உங்கள் சென்சாரில் 50 போட்டால் 75 மாதிரி நெருங்கிவிடும், அறைக்குள் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் இடிக்கும். 35 போட்டால் 52 மாதிரி, அதுதான் வீட்டுக்குள் சரி. சந்தேகமாக இருந்தால் கையில் இருக்கும் கிட் லென்ஸை 35-இல் வைத்து, வளையம் நகராதபடி டேப் ஒட்டிவிட்டு ஒரு மாலை முழுக்க அதோடு எடுத்துப் பாருங்கள். இடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வாங்கும்போது லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டிஎக்ஸ் என்று இல்லாமல் அதே 35 எஃப் 1.8ஜி இன்னொன்றும் உண்டு, ஃபுல் ஃபிரேமுக்கு ஆனது, உங்கள் கேமராவில் வேலை செய்யும், ஆனால் கனமும் விலையும் கூட, உங்களுக்குத் தேவையில்லை. பழைய ஏஎஃப் 35 எஃப் 2டி ஒன்று சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கும், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம், அது உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகாது.